வாய்ப்பூட்டு யாருக்கு?

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் வளர்ந்தவர்களுக்கு மதகு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. வெள்ளவாய்க்கால் வீதியைக் குறுக்கறுத்து ஓடும் இடத்தில், இருமருங்கும் முழங்கால் உயரத்துக்குக் கட்டிவைத்த சிறு சுவர். பகலில் அதனை எவரும் திரும்பியும் பாரார். பொழுது சாய்ந்ததும் அச்சுவரே ஊரின் பாராளுமன்றமாக மாறிவிடும். சந்தி வாசிகசாலையில் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிப்பார். கேட்டவர்கள் எழுந்துவந்து மதகில் அமர்வார்கள். மந்திரிசபை நிலைக்குமா கவிழுமா என்று தொடங்கும் விவாதம், வெங்காய விலையில் இறங்கி, புதிதாக வந்த நீரிறைக்கும் இயந்திரம் ஊர்க்கிணறுகளை வற்றச் செய்துவிடுமா என்பதில் ஏறி, யாரோ ஒருவர் வீட்டுக் கலியாணச் சோற்றுக்கு உப்புப் போதவில்லை என்பதில் வந்து முடியும். அங்கே சபாநாயகர் இல்லை. நிகழ்ச்சிநிரல் இல்லை. பேசியதைப் பதிந்துவைக்கும் ஹன்சாட்டும் இல்லை. நேற்று அடித்துப் பேசியதை இன்று மறுத்துப் பேச எவருக்கும் உரிமை இருந்தது.

பொய் பேசுவோர் அங்கு இல்லையா? இருந்தார்கள், தாராளமாகவே இருந்தார்கள். ஆனால் பொய்யன் அந்த மதகிலேயே பிடிபட்டான். அவனையும் அவன் தகப்பனையும் நன்கறிந்தவர்களே அவனுக்கு எதிரில் அமர்ந்திருந்தார்கள் அன்றோ!

இன்று மதகுகள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. பேச்சு ஓய்ந்துவிடவில்லை, அது கைத்தொலைபேசிக்குள் குடிபுகுந்துவிட்டது. இதனை எழுதுபவனும் அப்படியொரு வாட்ஸ்அப் குழுவில் ஓர் உறுப்பினன். ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பிற் படித்துப் பிரிந்த பதினான்கு பேர். ஐவர் யாழ்ப்பாணத்தில், ஒருவர் மட்டக்களப்பில், இருவர் கொழும்பில், ஏனையோர் டொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும். இங்கே ஊர் உறங்கும் வேளையில் அங்கே வெயில் எறிக்கின்றது. ஆகையால் எமது மதகில் ஆளில்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. மின்கட்டணம் ஏன் ஏறிற்று, செய்மதி வழியே வரும் இணையத்துக்குப் பணம் கட்டுவது புத்தியா, செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்த விண்ணப்பக் கடிதத்தில் மகன் தன் கையொப்பத்தை இடலாமா, மாகாணசபையால் இனி ஆகக்கூடியது ஏதும் உண்டா, முருங்கைக்காய்க் கறிக்குத் தேங்காய்ப்பால் எப்போது விடவேண்டும் என்று பேச்சுக்கு எல்லையே இல்லை. பதினான்கு பேர், பதினைந்து கட்சிகள்!

2022ஆம் ஆண்டு நடுப்பகுதியில் நாடெங்கும் பெற்றோலுக்கு மக்கள் நாட்கணக்காக வரிசையில் நின்றதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அந்நாளில் ஓரிரவு எமது குழுவில் ஒரு செய்தி வந்தது. காங்கேசன்துறைக்கு எரிபொருட் கப்பல் வந்துவிட்டதாம். விடிந்ததும் வடக்கிலுள்ள நிலையங்கள் யாவற்றிலும் விநியோகமாம். செய்தியை இட்டவர் டொறன்ரோ நண்பர். அவருக்கு அது அங்குள்ள இன்னொருவரிடமிருந்து கிடைத்தது. அவருக்கோ யாழ்ப்பாணத்திலுள்ள மைத்துனரிடமிருந்து! யாழ்ப்பாணத்துப் புளுகு ஒன்று கனடா சென்று மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. கடல்கடந்து வந்தமையால் அதற்கு மதிப்பும் கூடிற்று. எம்முள் இருவர் விடியுமுன்னரே மோட்டார் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு போய் மதியம் வரை வெயிலில் நின்று திரும்பினர்.

மின்சாரத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் எமது குழுவில் இருக்கிறார். அதிகம் பேசமாட்டார். அன்று மாலை அவர் மூன்றே மூன்று கேள்விகள் கேட்டார். கப்பலின் பெயர் என்ன? கண்ணாற் கண்டவர் யார்? எண்ணெயை இறக்கியது எந்தத் தாங்கியில்? ஒன்றுக்கும் விடையில்லை. டொறன்ரோ நண்பருக்குக் 'கப்பற்காரர்' என்ற பட்டம் கிடைத்தது. ஒரு மாதகாலம் அந்த மனிதர் எதைச் சொன்னாலும் யாராவது கப்பலின் படம் ஒன்றை அனுப்பிவைப்பார்கள். அன்று தொடக்கம் அவர் எங்கிருந்து வந்ததென்று சொல்லாமல் ஒரு செய்தியையும் அனுப்பியவர் அல்லர். நண்பர்களின் ஏளனம் செய்துமுடித்த இந்த வேலையை ஐந்து வருடச் சிறைத்தண்டனை செய்து முடித்திருக்குமா?

ஐந்து வருடம் என்ற கணக்கு எமது கற்பனையன்று. 2024ஆம் ஆண்டு ஜனவரி 24ஆந் திகதி பாராளுமன்றத்தில் 108 வாக்குகளால் நிறைவேற்றப்பட்டு (எதிர்த்தோர் 62 பேர்), பெப்ரவரி முதலாந் திகதி சபாநாயகர் சான்றுரைத்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் விதித்த கணக்கு அது. பொய்யான கூற்றொன்றை இணையத்தில் பரப்பித் தேசிய பாதுகாப்புக்கோ, பொதுச் சுகாதாரத்துக்கோ, பொது ஒழுங்குக்கோ அச்சுறுத்தல் விளைவிப்பவருக்கும், வகுப்பாரிடையே பகைமையை வளர்ப்பவருக்கும் ஐந்தாண்டு வரை மறியல், அல்லது 5 இலட்சம் ரூபா வரை தண்டம், அல்லது இரண்டுமே. ஒரு கூற்றைத் தடுக்கப்பட்ட பொய் என்று கண்டு அதனை அகற்றும்படி கட்டளையிட ஐந்து பேர் கொண்ட ஓர் ஆணைக்குழு. கட்டளை கிடைத்தால் இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் அகற்றிவிட வேண்டும். மசோதாவின் பல பிரிவுகளைத் திருத்தாமல் சாதாரண பெரும்பான்மையால் நிறைவேற்றலாகாது என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அத்திருத்தங்கள் முழுமையாகச் சேர்க்கப்படவில்லை என்று கூறி எதிர்க்கட்சியினர் 2024 மார்ச்சில் சபாநாயகர்மீதே நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்து தோற்றார்கள்.

சட்டத்தை எழுதியவர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். வேண்டுமென்றே ஏமாற்றும் நோக்குடன் சொல்லப்பட்ட பொய்யே குற்றம். நல்லெண்ணத்துடன் சொன்ன அபிப்பிராயம் குற்றமாகாது. ஆதலின் நேர்மையானவன் அஞ்ச வேண்டியதில்லை என்பார்கள். ஏட்டிலே அது மெய்தான். ஆனால் ஒருவனுடைய நோக்கம் நல்லதா கெட்டதா என்பது எங்கே தீர்மானிக்கப்படுகிறது? நீதிமன்றத்தில், வழக்கின் முடிவில். அதற்கு முன்னர் பொலிஸ் நிலையம் இருக்கிறது, விளக்கமறியல் இருக்கிறது, சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாத மனைவி இருக்கிறாள். அந்த வழியைக் கடந்துசென்று தன் நேர்மையை நிரூபிக்க எத்தனை பேர் முன்வருவர்?

றம்சி றாசிக் அவர்களின் கதையை வாசகர்கள் நினைவுகூர வேண்டும். கண்டிப் பகுதியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர். முஸ்லிம்களுக்கு எதிராக இணையத்திற் பரப்பப்பட்ட வெறுப்பைக் கண்டு மனம் வெதும்பி, பேனாவையும் தட்டச்சுப் பலகையையும் கொண்டு கருத்துப் போர் புரிய வேண்டும் என்று 2020 ஏப்ரலில் முகநூலில் எழுதினார். வெறுப்பைப் பரப்பியோர் வீதியில் உலாவ, வெறுப்பை எதிர்க்கச் சொன்னவர் கைதுசெய்யப்பட்டார்! அப்போது நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பிறந்திருக்கவில்லை. குடியியல், அரசியல் உரிமைகளைக் காக்கவென்று 2007இல் இயற்றிய சட்டமே அவரைக் கூட்டில் அடைக்கப் போதுமானதாயிற்று. ஐந்து மாதங்களின் பின்னர், செப்டெம்பரில் பிணை. அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 நவம்பரில். நீதி கிடைத்தது; மறுக்கவில்லை. ஆயினும் அந்த ஐந்து மாதத்தை யார் மீட்டுக்கொடுப்பது? அவர் கதையைக் கேள்வியுற்ற எத்தனை பேர் தட்டச்சுப் பலகையிலிருந்து கையை எடுத்திருப்பர்?

பொய் ஆபத்தற்றது என்று நாம் வாதிடவில்லை. பொய்யின் கொடுமையைத் தமிழ் பேசும் மக்களைவிட நன்கறிந்தவர் இந்நாட்டில் எவருளர்? 1958ஆம் ஆண்டில், பாணந்துறையைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் மட்டக்களப்பிற் கோரமாகக் கொல்லப்பட்டார் என்றொரு வதந்தி தென்பகுதியிற் பரவிற்று. அப்படியோர் ஆசிரியை இருந்ததேயில்லை என்பதைச் சிங்களப் பத்திரிகையாளர் தார்சி விட்டாச்சி தமது நூலிலே பதிந்துவைத்தார். அதற்குள் பாணந்துறைக் கோயில் அர்ச்சகர் தீக்கிரையாக்கப்பட்டுவிட்டார். அந்நாளில் முகநூல் இல்லை, வாட்ஸ்அப் இல்லை. வாயும் காதுமே போதுமாயிருந்தன. அரசாங்கம் என்ன செய்தது? பத்திரிகைகளுக்குத் தணிக்கை விதித்தது. விட்டாச்சியின் நூலையும் நாட்டுக்குள் வரவொட்டாது தடுத்தது. வதந்தி உலாவிற்று, வதந்தியைப் பொய்யென்று காட்டிய நூல் தடுக்கப்பட்டது!

அறுபதாண்டுகள் கழிந்து 2018 பெப்ரவரியில் அம்பாறையில் நிகழ்ந்தது யாது? முஸ்லிம் உணவகம் ஒன்றின் கறியில் மாக்கட்டி ஒன்று கிடந்தது. சிங்களவரை மலடாக்கும் குளிசை அது என்று ஒருவர் கூச்சலிட்டார். கூட்டம் சூழ்ந்துகொண்டு அங்கிருந்தவரிடம் விசாரித்தது. சிங்களம் சரிவர விளங்காத அம்மனிதர் அச்சத்தில் ஆமென்பது போல ஏதோ சொல்லிவிட்டார். அந்தக் காட்சி படமாகி முகநூலில் ஏறிற்று. அப்படியொரு குளிசை உலகிலேயே இல்லை. அது வெறும் மாவே என்பது இரசாயனப் பகுப்பாய்விற் பின்னர் தெரியவந்தது. ஆனால் கடை நொறுங்கிவிட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் திகன பற்றி எரிந்தது.

அந்த உணவகத்தில் நின்றவர்களுள், "அண்ணே, அப்படியொரு குளிசை உண்டா?" என்று கேட்க ஓர் ஆள் இருந்திருந்தால்! எமது மின்சார நண்பரைப் போன்ற ஒரேயொருவர்! பொய்க்கு மருந்து அந்த ஒருவரே. நாம் இக்கட்டுரையிற் சொல்ல விரும்புவதும் அந்த ஒருவரைப் பற்றியே. வதந்தியைத் திட்டமிட்டுப் பரப்புகிறவன் சட்டத்துக்கு அஞ்சுவதில்லை. அவனுக்குப் பொய்ப்பெயர் உண்டு, பின்னால் ஆளுண்டு, சில வேளைகளில் கட்சியும் உண்டு. அஞ்சி வாய்மூடுகிறவர், இது மெய்தானா என்று கேட்கக்கூடிய சாதாரண மனிதரே. ஆகவே வாய்ப்பூட்டு பொய்யனுக்குப் போடப்பட்டாலும் அது வந்து பூட்டுவது அவனை மறுப்பவரின் வாயை.

கம்பனிக்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை. திகனக் கலவரத்துக்கு முன்னரும் பின்னரும் சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்புரைகளைப் பற்றி இந்நாட்டவர் முறையிட்டபோது முகநூற் கம்பனி காதில் வாங்கவில்லை. எழுதியிருப்பதை வாசித்தறியப் போதிய ஆட்கள் அவர்களிடம் இல்லை. 2020ஆம் ஆண்டு மே மாதத்திலே, தமது தளம் அக்கொடுமைகளுக்குத் துணைபோனமைக்காக வருத்தந் தெரிவித்தார்கள். வியாபாரி சரக்கை விற்றுத் தீர்த்த பின்னர் தராசு பிழையென்று ஒப்புக்கொண்ட கதை. எம்மொழிகளை அறிந்த ஆட்களை வேலைக்கமர்த்துங்கள் என்று அவர்களை நெருக்குவது அரசாங்கத்தின் கடமை. அதைவிட்டுக் குடிமகனை நெருக்குவது எளிது. ஆகையால் அதனையே செய்தார்கள்.

ஒரேயடியாகக் கதவை இழுத்து மூடியும் பார்த்தார்கள். 2018 மார்ச்சில் ஏறக்குறைய ஒரு வாரம். 2019இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னர் மீண்டும். 2022 ஏப்ரல் 3ஆந் திகதி, மக்கள் வீதிக்கு இறங்கிய வேளை, அரைநாளுக்குச் சற்று அதிகம். அன்றைய மந்திரிசபையில் அங்கம் வகித்த நாமல் ராஜபக்ஷ அவர்களே இத்தடையினாற் பயனில்லை, மாற்றுவழிச் செயலி கொண்டு தாமும் உள்ளே வந்திருப்பதாக அதே இணையத்தில் எழுதினார். மந்திரியாருக்கு மாற்றுவழி தெரிந்திருந்தது. மகனுடைய செய்திக்காகக் காத்திருந்த கிழவிக்கு அது தெரியாது.

பெண்களின் படங்களைத் திருடி இழிவுசெய்யும் கயவருக்கும், சிறுவரை வலைவீசிப் பிடிக்கும் கொடியவருக்கும் தண்டனை வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும், கடுமையாகவே வேண்டும். அதற்கு அக்குற்றங்களை மட்டும் குறித்த சட்டம் போதும். ஒரு குட்டையில் முதலை இருக்கிறதென்று ஊரிலுள்ள கிணறுகளையெல்லாம் தூர்க்கச் சொல்வது என்ன நியாயம்? ஆகவே ஆளவந்தாரிடம் நாம் கேட்பது, கூற்றின் மெய்பொய்யை விசாரிக்கும் வேலையை அரசாங்கத்தின் கையிலிருந்து முற்றாக எடுத்துவிடுங்கள் என்பதே. நண்பர்கள் நால்வர் பேசிப் பிழைவிடும் உரிமை அரசியல் யாப்பின் 14ஆம் உறுப்புரைக்குள் அடங்காதாயின், அந்த உறுப்புரை வேறு யாருக்காக எழுதப்பட்டது?

எமது குற்றத்தையும் மறைக்கலாகாது. வாசிக்காமலே மற்றவருக்கு அனுப்புகிறோம். இறந்தவர் படத்தைக் குடும்பத்தார் அறியுமுன் நாம் பரப்புகிறோம். மதகில் முகம்பார்த்துச் சொல்லக் கூசும் வார்த்தையை விரலாற் கூசாமல் எழுதுகிறோம். பரிகாசத்தாலும் கண்டிப்பாலும் இவற்றைத் திருத்தும் பொறுப்பு குழுவிலுள்ள நண்பர்களுடையது. பொலிஸாருடையது அன்று.

மின்சார நண்பரைப் பற்றிச் சொல்ல இன்னும் ஒன்றுண்டு. 2024 நவம்பரில், மாவீரர் நாளையொட்டி முகநூலில் இட்ட பதிவுகளுக்காகச் சிலர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைதானார்கள். நண்பர் பதிவு எதுவும் இட்டவரல்லர். ஆயினும் அவருடைய உறவுக்காரப் பையன் ஒருவனை ஓர் அலுவலகத்துக்கு அழைத்துக் கைத்தொலைபேசியை வாங்கிப் பார்த்து, நீ எந்தெந்தக் குழுவில் இருக்கிறாய், அவற்றில் யார் யார் இருக்கிறார்கள் என்று வினவினார்களாம். பையனை அன்று மாலையே அனுப்பிவிட்டார்கள். அடிக்கவில்லை, அதட்டவுமில்லை. அன்றிலிருந்து நண்பர் குழுவில் ஒரு வரியும் எழுதியதில்லை. பிறந்தநாள் வாழ்த்துக்கும் கைகூப்பும் படம் ஒன்றைத்தான் அனுப்புவார்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்நாட்டைப் புரட்டிப்போட்டது. 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். அபாய அறிவித்தல்கள் தமிழிற் குறைவாகவும் பிந்தியும் வந்தன என்ற முறைப்பாடு அந்நாட்களில் எழுந்தது. ஆகவே தமிழ் பேசும் குடும்பங்கள் பல எம்முடையதைப் போன்ற குழுக்களையே நம்பியிருந்தன. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வந்தவற்றைக் கொழும்பு நண்பர்கள் இருவரும் உறங்காமல் இருந்து தமிழாக்கி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த இரவில் ஒரு குரற்பதிவு வந்தது. வன்னியில் ஒரு குளத்தின் அணை உடைந்துவிட்டதென்றும், தாழ்நிலத்தார் உடனே வெளியேற வேண்டுமென்றும் ஒரு பெண் அழுதுகொண்டே சொன்னார். குழு கலங்கிப்போயிற்று. எமது நண்பர் ஒருவரின் தங்கை குடும்பம் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. அவர் தொலைபேசியில் அழைத்துச் சொல்ல, அவர்கள் இரண்டு குழந்தைகளையும் கிழவனாரையும் தூக்கிக்கொண்டு, கொட்டும் மழையில், கும்மிருட்டில், இரண்டு கட்டைக்கு மேல் நடந்தார்கள். விடிந்தபோது அணை அணையாகவே இருந்தது. கிழவனார் காய்ச்சலில் விழுந்தார்.

யார் அணையைக் கண்டது, எந்தக் குளம், எத்தனை மணிக்கு என்று அன்றிரவு எவரும் கேட்கவில்லை. கேட்கக்கூடியவர் அதனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பார்த்தமைக்கான நீலக்குறி அவர் பெயருக்கு நேரே கிடந்தது.

சில நாட்களின் பின்னர் அவருடைய வீட்டுக்குச் சென்றிருந்தேன். தேநீர் குடித்து முடியும்வரை இருவரும் மழையைப் பற்றியே பேசினோம். பிறகு கேட்டேன். அவர் மறைக்கவில்லை. பதிவைக் கேட்டதும் ஐயம் பிறந்ததாம். கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலை பார்க்கும் தமக்குத் தெரிந்த ஒருவரை அழைத்தாராம். அணைக்கு ஒன்றுமில்லை என்பது அரைமணி நேரத்துக்குள் தெரிந்துவிட்டதாம்.

"அப்படியானால் ஒரு வரி எழுதியிருக்கலாமே, மச்சான்?"

அவர் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எழுதத்தான் எடுத்தேன். அணை பாதுகாப்பு என்று நான் எழுதி, விடியற்புறம் அது உடைந்திருந்தால்? எழுத்தில் இருந்தால் நாளைக்கு ஒருவன் வந்து கேட்பான், மச்சான். பேசாமல் இருந்தவனை எவன் கேட்கப்போகிறான்?"